மேல் அறைக் கொம்பியூட்டருக்கு எது சரி: கேபிளா, புது அடப்டரா, ரிப்பீட்டரா?

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் என் அக்காவின் வீடு இரண்டு துண்டாக இருக்கிறது. தெருப்பக்கம் பழைய ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் வளவுக்குள் பிறகு கட்டிய பிளேட் வீடு. கீழே குசினியும் சாப்பாட்டு அறையும், மேலே ஒரே ஒரு அறை. ஃபைபர் கம்பி தெருத் தூணிலிருந்து வந்து முன் மண்டபத்துச் சுவரில் இறங்குகிறது. ரவுட்டரும் அங்கேதான், இரும்பு அலுமாரியின் மேல். மருமகளின் கொம்பியூட்டர் பின்பக்கத்து மேல் அறையில்.

அவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டிலிருந்து வகுப்புக் கேட்கும் நாட்களில் வைஃபை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும். "மாமா, மறுகாவும் போயிற்று" என்று அவளிடமிருந்து செய்தி வராத கிழமை இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அத்தான் கனெக்‌ஷனையே மாற்றிவிடலாம் என்றார். கடையில் கேட்டபோது வைஃபை சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை எடுத்து வைத்தார்கள். அவளுடைய கூட்டாளிப் பிள்ளை, கொம்பியூட்டரில் செருகி வைஃபை பிடிக்கும் யூஎஸ்பி அடப்டர் போதும் என்றாள். மூன்றுக்கும் வெவ்வேறு விலை, மூன்றும் வெவ்வேறு நோய்க்கான மருந்து. எந்த நோய் என்று பார்க்காமல் எதை வாங்கினாலும் பணம் வீணாகலாம் என்பதால், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானே போய் உட்கார்ந்தேன். அன்று பார்த்ததையும், இப்படிப் பல வீடுகளில் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

எங்கே அறுகிறது என்று முதலில் பாருங்கள்

இணையம் உங்கள் கொம்பியூட்டருக்கு வரும் வழியில் இரண்டு துண்டுகள் உண்டு. கொம்பியூட்டரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொன்று. "வைஃபை போயிற்று" என்று நாம் சொல்லும்போது இதில் எது போனது என்று தெரிவதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கக் காசு தேவையில்லை.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்தால் டிஃபோல்ட் கேட்வே என்று ஒரு இலக்கம் வரும். அதுதான் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. அந்த முகவரிக்குப் பிங் (ping) கட்டளையை நிற்காமல் ஓட விடுங்கள்; முகவரிக்குப் பின்னால் -t என்று சேர்த்தால் நிற்காது. அந்த முகவரி பதில் சொல்கிறதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு ஜன்னலைத் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்கும் அப்படியே ஓட விடுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவை (தளத்தின் பெயரை இலக்க முகவரியாக மாற்றிக் கொடுப்பது), வெளியுலகத்துக்கு ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் விழும் கணத்தில் இரண்டு ஜன்னலையும் பார்த்தால் போதும்.

இரண்டுமே நின்றால், அறுந்தது கொம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அல்லது ரவுட்டரே நின்று எழுகிறது. ரவுட்டருக்குப் போவது சீராக ஓட வெளியே போவது மட்டும் நின்றால், வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில் குறையில்லை. அடப்டரோ ரிப்பீட்டரோ வாங்கி அதைத் தீர்க்க முடியாது. இரண்டும் ஓடுகிறது, ஆனால் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் சிக்கல். நெட்வேர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். அறுபடாமலே இழுபடும் வீடுகளும் உண்டு. ரவுட்டருக்குப் போய் வர ஒரு சில மில்லிசெக்கன்தான் எடுக்க வேண்டும். அது நூறு, இருநூறு என்று துள்ளினால் சிக்னல் மெலிந்திருக்கிறது, அல்லது காற்றில் நெரிசல்.

இன்னொரு சோதனை, அதே மேசையில் கைபேசியை வைத்துப் பார்ப்பது. கைபேசி அதே வைஃபையில் தாங்கி நிற்க, கொம்பியூட்டர் மட்டும் விழுந்தால் குறை கொம்பியூட்டரின் பக்கம்.

அக்கா வீட்டில் இரண்டு ஜன்னலும் ஒன்றாக நின்றன. கைபேசி ஒரு கோடு சிக்னலில் தத்தளித்தாலும் விழவில்லை. கொம்பியூட்டரைக் கழற்றி முன் மண்டபத்துக்குக் கொண்டுபோய் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் ஓட்டினோம். ஒருமுறையும் விழவில்லை. ஆக, கனெக்‌ஷன் மாற்றும் யோசனை அன்றே கைவிடப்பட்டது.

காசில்லாமல் செய்யக்கூடியவை

கொம்பியூட்டரைத் தூக்கும்போதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். மதர்போர்ட்டில் வைஃபை உள்ள மேசைக் கொம்பியூட்டர்களில் பின்னால் பித்தளை நிறத்தில் இரண்டு சிறிய திருகு முனைகள் இருக்கும். அன்டெனா பூட்ட வேண்டிய இடம் அது. அவளுடையதில் அன்டெனாவே இல்லை! கொம்பியூட்டர் வாங்கிய பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. அன்டெனா இல்லாமலும் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரைப் பிடித்துவிடும் என்பதால் இது பலருக்குத் தெரிவதில்லை. தகரப் பெட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, அன்டெனாவும் இல்லாமல் அது இத்தனை நாள் வேலை செய்ததே பெரிய விஷயம். உங்கள் வீட்டுக் கொம்பியூட்டரின் பின்பக்கத்தைத் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

அடுத்தது மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபை அடப்டரின் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதி பல கொம்பியூட்டர்களில் இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கும் ஒரு பெட்டி அங்கே உண்டு. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் விழுந்து, மவுஸைத் தொட்டதும் வரும் வைஃபைக்கு இது பல தடவை தீர்வாகியிருக்கிறது. விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், அதே இடத்தில் ட்ரைவரை (அடப்டரை இயக்கும் மென்பொருளை) பழைய பதிப்புக்குத் திருப்பலாம். அல்லது கொம்பியூட்டர் தயாரித்தவரின் தளத்திலிருந்து புதியதைப் போடலாம்.

ரவுட்டர் இருக்கும் இடம் இதைவிட முக்கியம். இரும்பு அலுமாரி, பிரிஜ், கண்ணாடி மீன் தொட்டி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் சிக்னலைத் தடுக்கும். உலோகம் அதைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும். பிளேட் வீட்டில் கூரையாகவும் தளமாகவும் நிற்பது கம்பி கட்டிய கொங்கிரீட். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அதை ஓரளவு ஊடுருவும், 5 கிகாஹேர்ட்ஸ் மிகவும் தளர்ந்துவிடும். ரவுட்டரை அலுமாரியிலிருந்து இறக்கி, வீட்டின் நடுவை நோக்கி, தலை உயரத்தில் ஒரு மரத் தட்டில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

சனல் என்பது அலைவரிசைக்குள் ஒரு பாதை; அதில் வரும் நெரிசல் ஊரைப் பொறுத்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் குறிச்சிகளில் கைபேசியைத் திறந்தால் அயல்வீட்டு வைஃபை பெயர்கள் இருபது முப்பது வரிசையாக வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சனல்கள்தான். வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் திறக்கும்) அதைப் போடுங்கள். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். ரவுட்டர் ஒரே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுவது இதைவிட நல்லது. 2.4க்கும் 5க்கும் ரவுட்டர் ஒரே பெயரைக் கொடுத்திருந்தால் வெவ்வேறு பெயர் வைத்து, கொம்பியூட்டர் எதைப் பிடிக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். படுவான்கரையில், வளவுகள் அகன்று கிடக்கும் ஊர்களில், இந்த நெரிசல் இருக்காது. அங்கே சனல் மாற்றி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அன்டெனாவைப் பூட்டி, ரவுட்டரை நகர்த்திய பிறகு அக்கா வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்தது, ஒரு நாளுக்கு மூன்று நான்கு முறையாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ஒருமுறை விழுவதே அதிகம்.

இப்போது வாங்கும் கேள்வி

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். கொம்பியூட்டர் மேசையை விட்டு நகராது என்றால் ரவுட்டரிலிருந்து நேராக இழுக்கும் லேன் கேபிளைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மற்ற எல்லாம் கேபிள் இழுக்க முடியாத வீட்டுக்கு.

கேபிளில் சுவர் ஒரு பொருட்டே இல்லை, அயல்வீட்டு ரவுட்டரும் குசினி மைக்ரோவேவும் அதைத் தொடாது. கெட் 5ஈ வகைக் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். நம் பக்கத்து வளவுகள் எவ்வளவு நீளமென்றாலும் அதற்குள் அடங்கிவிடும். அக்கா வீட்டில் முன் மண்டபத்திலிருந்து ஓட்டுக்குக் கீழே, சுவரோரமாகப் போய், பின்வீட்டுச் சுவரில் ஏறி மேல் அறைக்கு 28 மீட்டர். சிசிடிவி கமரா பூட்டும் ஒரு தம்பி வந்து அரை நாளில் முடித்தார். இந்த வேலைக்கு அவர்களைக் கேட்பதுதான் சுலபம், கேபிள் முனையை நெரித்துப் பூட்டும் கிரிம்பரும் சோதிக்கும் கருவியும் அவர்களிடம் எப்போதும் இருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய வருகிறது. ஒரு இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது அலுமினியம், லேசாகவும் இருக்கும், வளைத்தால் சீக்கிரம் உடையும். முழுச் செம்பு கொஞ்சம் விலை கூட, ஆனால் ஒருமுறை இழுக்கும் கேபிள் அது. பூட்டி முடித்ததும் கொம்பியூட்டரில் லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று பாருங்கள். கேபிளுக்குள் எட்டு இழை, நான்கு சோடி. ஒரு கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ரவுட்டரும் கொம்பியூட்டரும் கிகாபிட் தாங்குபவையாக இருந்தும் 100 என்று காட்டினால் ஏதோ ஒரு இழை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வேலை செய்கிறதுதானே என்று விடாமல், பூட்டியவர் நிற்கும்போதே முனையை வெட்டித் திரும்பக் கிரிம்ப் பண்ணச் சொல்லுங்கள்.

வெயில் படும் இடத்தில் வீட்டுக்குள் பாவிக்கும் கேபிளின் தோல் வெடித்துவிடும். பிவிசி குழாய்க்குள் விடுங்கள். மின்வயர் போகும் குழாய்க்குள் மட்டும் சேர்த்து விட வேண்டாம். கல்லடி, நாவலடி, திருக்கோவில் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் முனைகளைத் திறந்த வெளியில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் அந்தச் சிறு தகடுகள் கறுத்து, மழைக்காலத்தில் மட்டும் விழும் நெட் என்று புதிதாக ஒரு தொல்லையைக் கொண்டுவரும். வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள் என்றால் தட்டையான லேன் கேபிள் கிடைக்கிறது. கதவுக்கு அடியாலும் சுவர் ஓரத்தாலும் அது போகும்.

அடுத்தது புது அடப்டர். கைபேசி அந்த மேசையில் நன்றாக வேலை செய்து, கொம்பியூட்டர் மட்டும் விழுகிறது, ட்ரைவரும் மின்சேமிப்பும் பார்த்தாகிவிட்டது என்றால் இதுதான் சரியான செலவு. கேபிளைவிட வேலையும் குறைவு. ஆனால் நக அளவு யூஎஸ்பி அடப்டரை வாங்க வேண்டாம். அதற்குள் இருக்கும் அன்டெனா மிகச் சிறியது, கொம்பியூட்டரின் பின்னால் செருகினால் தகரப் பெட்டியே அதை மறைக்கும். வெளியே நீட்டும் அன்டெனாவும், 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையும் உள்ளதை வாங்கி, ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் போட்டு மேசை மேல் வையுங்கள். யூஎஸ்பி 3.0 துளைகளும் அதில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும். அடப்டரை அங்கிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியைத் திறக்கத் தயக்கம் இல்லாதவர்கள் உள்ளே பூட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட்டை வாங்கலாம், அதன் அன்டெனாவைக் கேபிளோடு வெளியே கொண்டுவரும் வகை இன்னும் நல்லது.

ரிப்பீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். ரிப்பீட்டர் தனக்குக் கிடைக்கும் சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். நெட் வராத அறையிலேயே அதைச் செருகினால், அதற்கும் நெட் வராது. ஆனால் கொம்பியூட்டருக்கோ பக்கத்தில் இருக்கும் ரிப்பீட்டரின் சிக்னல் முழுதாகக் கிடைக்கும். கோடெல்லாம் நிறைந்து நிற்கும், பக்கம் திறக்காது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இதைவிடக் குழப்பம் வேறில்லை. ரவுட்டருக்கும் அறைக்கும் பாதி வழியில், சிக்னல் இன்னும் பலமாக இருக்கும் இடத்தில் வைத்தால் வேலை செய்யும். அப்போதும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுக்கும் மலிவு ரிப்பீட்டர் ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். விறாந்தையில் இருந்து கைபேசியில் செய்தி பார்க்க அது போதும். வகுப்புக்கும் பரீட்சைக்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.

ரிப்பீட்டருக்குக் கொடுக்கும் காசை கேபிளுக்குக் கொடுத்துவிட்டு, அலுமாரியில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை எடுப்பது மிக நல்ல வழி. பல வீடுகளில் அப்படி ஒன்று கிடக்கும். அதன் அமைப்புக்குள் போய் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை) நிறுத்தி, முகவரியைப் புது ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, புது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் அது மேல் அறைக்குத் தனி வைஃபை கொடுக்கும், பக்கத்திலேயே கொம்பியூட்டருக்கும் கேபிள் கொடுக்கும். அக்கா வீட்டில் அடுத்த கிழமையே இதைச் செய்தோம். மேல் அறையில் கைபேசிக்கும் முழுச் சிக்னல்.

மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டியாக வருவது பெரிய மாடி வீட்டுக்கும், ஆட்கள் நடமாடிக்கொண்டே பாவிக்கும் இடத்துக்கும் நல்லது, விலையும் அதற்கேற்ப. ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் அலை வழியாகத்தான். நடுவில் பிளேட் நின்றால் அவற்றுக்கும் அதே தடைதான், கேபிளால் இணைத்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். மின்வயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் சோடிகளை, பழைய வயரிங்கும் புது வயரிங்கும் கலந்த இப்படியான வீட்டுக்கு நான் வாங்க மாட்டேன்.

குறை வீட்டுக்கு வெளியே இருந்தால்

ரவுட்டருக்குப் போகும் பிங் சீராக ஓடி, வெளியே போவது மட்டும் நிற்கும் வீடுகள் வேறு வகை. அவற்றுக்கு முன், இரண்டு பிங்கும் ஒன்றாக நிற்கும் வீட்டில் பார்க்க வேண்டிய ஒன்று ரவுட்டரின் மின் அடப்டர். பழசாகிய அடப்டர் வோல்டேஜ் தளர்ந்து ரவுட்டரை அடிக்கடி நிறுத்தி எழுப்பும், விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து எரிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மின்சாரமே கண் சிமிட்டும் ஊரில், 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் பலர் வாங்கிய மாதிரி ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் ஒன்று உதவும். ரவுட்டர் கேட்பது 12 வோல்டா 9 வோல்டா என்று அடியில் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால் ஒளியே வரவில்லை. கம்பி எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தது, எந்த விளக்கு மாறியது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் 4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உங்கள் ரவுட்டர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: டவரிலிருந்து வாங்குகிறது, வீட்டுக்குள் கொடுக்கிறது. இரண்டுக்கும் நல்ல இடம் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் இருக்கும், டவர் சிக்னலின் பலம் அது. -90க்கு மேல் இருந்தால் நல்லது, -110ஐத் தாண்டிக் கீழே போனால் பலவீனம். ஜன்னல் ஜன்னலாக வைத்து அந்த எண் எங்கே நன்றாக வருகிறது என்று பார்த்து ரவுட்டரை அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கிருந்து கொம்பியூட்டருக்கு லேன் கேபிள். கனெக்‌ஷனை மாற்றுவது பற்றி அதற்குப் பிறகும் தேவையென்றால் யோசிக்கலாம். இரவு ஏழு மணியிலிருந்து பத்து வரை மட்டும் மந்தமாகி, காலையில் நன்றாக ஓடினால் டவரில் நெரிசல்; அப்போது வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை இரவல் வாங்கி அதே இடத்தில் ஒரு இரவு பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேபிளுக்கு ஒரே ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் சித்திரை மழையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் கடுமை. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியால் போகும் செம்புக் கேபிள் மின்னலின் அதிர்ச்சியை இரண்டு முனைக்கும் கொண்டுபோகும். ரவுட்டரின் லேன் துளையும் கொம்பியூட்டரின் போர்ட்டும் எரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் அக்கா வீட்டில் கேபிளின் இரண்டு முனையும் கைக்கு எட்டும் இடத்தில் விடப்பட்டிருக்கிறது. வானம் இருண்டு வருகிறது என்று கண்டதும், இடி தலைக்கு மேல் வர முன்பே, மருமகள் மேலே கழற்றுகிறாள், அக்கா கீழே கழற்றி ரவுட்டரின் பிளக்கையும் எடுத்துவிடுகிறா. மழை விட்டதும் திரும்பச் செருக ஒரு நிமிடம்.